ஓட்டை விழாத கழுத்து

பதினோரு வருடங்களில் காசிமாயன் ஓர் ஓட்டையைக்கூடப் பாஸ் செய்து அனுப்பியதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊசி ஒடிந்தால் துணியில் ஓட்டை விழும். தையல்காரர் கண்ணயர்ந்தால் விழும். குடோன் எலிக்கு மனசு வந்தால் விழும். அந்த ஓட்டை கடல் தாண்டிப் போய் ஜெர்மனியில் யாரோ ஒரு துரையின் தொப்புளுக்கு நேராகத் திறந்துகொண்டால், திருப்பூரில் ஒரு கம்பெனியே படுத்துவிடும். ஆகவே ஓட்டையைக் கண்டதும், அதைச் சுட்டிக்காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தாளில் 'மேஜர்' என்று எழுதி, பீஸை ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். காசிமாயனின் சட்டைப் பையில் எந்நேரமும் ஓர் அட்டை சிவப்பு அம்பு இருக்கும். கல்யாணப் பந்தியில் வாழையிலை கிழிந்திருந்தால்கூட அவன் கை பைக்குப் போகும் என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள்.

இப்படிப்பட்டவனைத்தான், 1991ஆம் வருடம் ஆடி மாதத்தில், மனிதத் தொண்டையில் ஓட்டை போடும் கருவிகளை ஒப்பிட்டுச் சொல்லும்படி ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் நூல்மணி அறக்கட்டளை மருத்துவமனை. பனியன் முதலாளிகள் சேர்ந்து கட்டியது. தலைவர் சிவசுப்பிரமணியம், காசிமாயன் வேலை பார்த்த கம்பெனிக்குச் சொந்தக்காரர். செயலாளர் ஆறுச்சாமி, சாயப்பட்டறை வைத்திருந்தார். பொருளாளர் கைருதீன், லேபிள் அடித்துக் கொடுப்பவர். மூவரும் நல்லவர்கள்; ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தவர்கள். ஆனால் பனியன் கம்பெனியைத் தவிர வேறு எதையும் நடத்தி அவர்களுக்குப் பழக்கமில்லை. அதனால் ஆஸ்பத்திரியையும் பனியன் கம்பெனியாகவே நடத்தினார்கள். நோயாளிக்கு லாட் நம்பர் உண்டு. பிறக்கிற குழந்தைகளை எஸ், எம், எல், எக்ஸெல் என்று பிரித்து எழுதுவார்கள். குணமாகி வீட்டுக்குப் போவதற்கு டெஸ்பாட்ச் என்று பெயர். குணமாகாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டத்தில் 'ஷார்ட்டேஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்தக் கட்டத்தில் கடைசியாக ஏறியது காசிமாயனின் மச்சான் சீனிச்சாமி. அவன் அக்கா ராமுத்தாயின் புருஷன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மூவரும் ஒன்றாகப் பஸ் ஏறி வந்தவர்கள். ஒரு நாள் காலையில் சாயப்பட்டறை வாசலில் நின்று டீ குடிக்கும்போது, கிளாசுக்குள் விழுந்து கிடந்த குளவி அவர் தொண்டையில் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டது. டாக்டர் அங்கமுத்து கையில் கத்தியோடு தயாராக நின்றார். கழுத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு, அதில் விரல் தடிமனுக்கு ஒரு குழாயைச் சொருகினால் போதும், மூச்சு வந்துவிடும். அந்தக் குழாய் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. ஸ்டோர் சாவிக்கு இண்டென்ட் எழுத வேண்டும், இண்டென்டில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது கையெழுத்து காய்வதற்குள் சீனிச்சாமி ஷார்ட்டேஜ் ஆகிவிட்டார்.

மறுநாள் டாக்டர் அங்கமுத்து அறக்கட்டளைக்கு நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினார். ஒரு கத்தி, ஒரு குழாய், இரண்டையும் ஒரு தட்டில் வைத்துப் பூட்டில்லாமல் அவசரப் பிரிவில் வைக்க அனுமதி வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

நாலு வரிக் கடிதத்தைக் கண்டால் கமிட்டிக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இதில் இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றும். மூன்று கூட்டம் போட்டு, கடிதத்தை 'அவசரக் கழுத்துத் திறப்புக் கருவி ஒப்பீட்டுத் திட்டம்' என்று வளர்த்தெடுத்தார்கள். பம்பாய் ஏஜென்டுகளுக்குக் கடிதம் போயிற்று. மூன்று வெளிநாட்டுச் சாம்பிள்கள் வந்து இறங்கின. ஒப்பிட்டுச் சொல்ல யாரைப் போடுவது என்ற கேள்வி வந்தபோது டாக்டர், "நானே பாத்துச் சொல்றனுங்க" என்றார்.

"நீங்க யூஸ் பண்றவருங்க டாக்டர். பனியனப் போடறவன் பனியன செக் பண்ணலாமுங்களா?" என்றார் தலைவர் சிவசுப்பிரமணியம். "செக்கிங்க செக்கிங்காரன்தான் பண்ணோணும். என்ற கம்பெனில ஒருத்தன் இருக்கறான். ஓட்டைன்னா அவன் கண்ணுக்குத் தப்பாது."

இதைச் சொல்லும்போது தலைவரின் வாயிலிருந்த பட்டன் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போயிற்று. ஆரம்ப காலத்தில் அவர் டெய்லர். பட்டன் தைக்கும்போது அடுத்த பட்டனை வாயில் அடக்கி வைத்துப் பழகியவர். முதலாளியான பிறகு தையல் போய்விட்டது, பட்டன் போகவில்லை. வலது கன்னத்துக்குப் போனால் சந்தோஷம், முன்பல்லில் வந்து டக்டக்கென்று அடித்தால் கோபம். கம்பெனியில் எல்லாருக்கும் அது தெரியும்.

காசிமாயன் வந்து சேர்ந்தான். அவசரப் பிரிவு நர்ஸ் சைதுன்னிசா, தாராபுரத்துக்காரர், மேஜைமேல் நாலு சாம்பிளையும் பரப்பி வைத்தார்.

"ஏனுங்க, ஆதியில இருந்து சொல்றேன், பயப்படாதீங்க. உங்க சங்குல விரல வெய்ங்க. அப்படியே கீழ இறங்குங்க. சின்னதா ஒரு பள்ளம் தட்டுப்படுதுங்களா?"

காசிமாயன் தடவிப் பார்த்தான். "ஆமாக்கா, இருக்கு."

"அங்க வெறும் தோலும் மெல்லிசா ஒரு சவ்வும்தான். மேல எல்லாம் அடச்சுப் போச்சுன்னா, அதுதான் கடைசி வாசல். அங்க ஓட்டை போட்டாப் பொழச்சுக்கலாம்."

தன் கழுத்தில் இப்படி ஒரு வாசல் இருப்பது முப்பத்தெட்டு வருடமாகத் தெரியாமல் போயிற்றே என்று காசிமாயனுக்கு ஆச்சரியமாக இருந்தது. மச்சானுக்கும் இருந்திருக்கும். திறக்க ஆள் இருந்தும் சாவிதான் இல்லை.

ஏ சாம்பிள் ஒரு நீள ஊசி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. பி சாம்பிளில் ஊசி, கம்பி, துளையை அகட்டும் கூம்பு, குழாய் என்று வரிசையாக இருந்தன. கூடவே பதினாறு பக்கப் புத்தகம். சி சாம்பிள் வெல்வெட் பெட்டியில் வந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை அமுக்கினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் வேலை செய்து தானே குத்தி, தானே குழாயைச் செருக வேண்டும். டி என்று டாக்டர் தன் பங்குக்கு வைத்தது ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்த கத்தியும், சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாயும். அது ஒரு ஸ்டீல் தட்டில் கிடந்தது.

முதல் சோதனையை டாக்டரும் அவனும் கறிக்கடைக்குப் பின்னால் வைத்து நடத்தினார்கள். கடைக்காரர் பன்னிரண்டு ஆட்டுத் தொண்டைகளைக் கொடுத்தார். டாக்டர் ஒவ்வொன்றாகக் குத்தினார், காசிமாயன் வாட்சைப் பார்த்து எழுதினான். ஏயின் ஊசி வளைந்தது; வளையாமல் போனபோதும், அந்தச் சின்னத் துளை வழியாக ஊதினால் இளநீர் ஸ்ட்ராவில் மூச்சு விடுகிற கதைதான். பிக்கு மூன்றரை நிமிடம் பிடித்தது. நடுவில் புத்தகத்தைப் புரட்டியதையும் சேர்த்து. சி ஒரு முறை சரியாகக் குத்தியது, மறுமுறை தொண்டையைத் தாண்டிப்போய்க் கறிக்கடைத் தராசில் குத்திக்கொண்டு நின்றது. டி மூன்று முறையும் முக்கால் நிமிடத்துக்குள் வேலையை முடித்தது. காசிமாயன் திருத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு நாளில் விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தான், பாவம்.

செயலாளர் ஆறுச்சாமி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆட்டுத் தொண்டைங்களா? ஏப்பா, ஆடா நம்ம ஆஸ்பத்திரிக்கு வருது?"

"இல்லீங்கய்யா, ஆனா மனுசத் தொண்ட மாதிரியே இருக்கும்னு டாக்டரு..."

"அதுவுமில்லாம சைஸ் எங்க? எஸ் ஒண்ணு, எம் ரெண்டு, எல் ரெண்டு, எக்ஸெல் ஒண்ணு. இந்த ரேஷியோல டெஸ்ட் பண்ணாத எதையும் நாங்க ஒத்துக்கறதில்லீங்."

தலைவருக்கு அப்போதுதான் யோசனை உதித்தது. பட்டன் வலது கன்னத்துக்கு ஓடியது.

"முப்பது வருசமா நாம என்ன பண்ணிட்டிருக்கறோம்? கழுத்துத்தானே தெச்சிட்டிருக்கறோம்? உலகத்துல பாதிப் பேரு கழுத்து நம்ம கழுத்து. நமக்குத் தெரியாத கழுத்தா? நெக் ரிப்ல ஒரு தொண்டைய ஓட்டச் சொல்லுங்க!"

பனியன் கழுத்துக்கு வைக்கிற இழுவைத் துணிக்கு நெக் ரிப் என்று பெயர். அது மெஷினிலிருந்து உருளையாகவே இறங்கும். அந்த உருளையில் பனியன் வேஸ்ட்டை அடைத்து, இரண்டு பக்கமும் தைத்து, எஸ், எம், எல், எக்ஸெல் என்று இருபத்துநாலு தொண்டைகள் தயாராயின. வெள்ளையில் பாதி, நேவி ப்ளூவில் பாதி. கைருதீன் ஒவ்வொன்றின் பிடரியிலும் சைஸ் லேபிள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தன. டாக்டர் ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

தொண்டை கிடைத்துவிட்டது என்பதற்காக உடனே குத்திவிட முடியாது. முதலில் வாஷ் டெஸ்ட். எந்தச் சாம்பிளும் மூன்று துவைப்புத் தாங்க வேண்டும் என்பது நம் பட்டறைகளின் சட்டம். ஆறுச்சாமி நாலு கருவிகளையும் தன் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய், கொதிநீரில் சோப்போடு மூன்று முறை சுழலவிட்டு, வெயிலில் காயப்போட்டார். ஏயின் உறை சுருங்கிப்போயிற்று. பியின் கம்பி, கூடவே சுழன்ற ஜட்டிகளின் எலாஸ்டிக்கில் சிக்கி, பிரித்தெடுக்க இரண்டு பெண்கள் அரை நாள் உட்கார வேண்டியிருந்தது. சி வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே ஸ்பிரிங் துருவேறியது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் உள்ளே பார்ப்பதற்குத் தாளில் கட்டம் இல்லை. டியில் எந்த மாற்றமும் இல்லை. ஆறுச்சாமி அதற்கு எதிரே 'முன்னேற்றம் ஒன்றும் இல்லை' என்று எழுதினார்.

கைருதீன் தன் துறையில் கண்ணாக இருந்தார். "மத்ததுல எல்லாம் லேபிள் இருக்குதுங்க. இந்தக் கத்தில கம்பெனி பேரு இல்ல, சைஸ் இல்ல, அயர்ன் பண்ணலாமா வேண்டாமான்னுகூடப் போடல. இத எப்படிங்க நம்பறது?"

கடைசியில் குத்தும் நாள் வந்தது. டாக்டர் ஒவ்வொரு கருவியாக ரிப் தொண்டையில் குத்தினார். வழக்கமான செக்கிங் தாளோடு காசிமாயன் பக்கத்தில் நின்றான். ஏ குத்திய இடத்தில் சிறு துளை: மைனர். பி குத்திய இடத்தில் துளையும், பிசிறடித்த நூலும்: மேஜர். டி குத்திய இடத்தில் முக்கால் சென்டிமீட்டர் ஓட்டை, சுத்தமாக, திறந்த வாய் மாதிரி: மேஜர். சியை வைத்து டாக்டர் விசையை அமுக்கினார். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. இன்னொரு முறை அமுக்கினார். டிக். எஸ், எம், எல், எக்ஸெல், வெள்ளை, நேவி ப்ளூ, எல்லாவற்றிலும் டிக். துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

"அருமைங்க!" என்றார் ஆறுச்சாமி. "ஜீரோ டிஃபெக்ட்."

காசிமாயன் தாளிலிருந்து நிமிர்ந்தான். "ஐயா, ஓட்ட போடத்தானய்யா இந்தச் சாமானே? ஓட்ட விழலேன்னா ஆளு செத்துப்போவாரேய்யா."

"காசிமாயா, செக்கிங் தாள்ல ஓட்டைக்கு என்ன எழுதோணும்?" என்றார் ஆறுச்சாமி.

"மேஜருங்க."

"மேஜர பாஸ் பண்ணலாமா?"

"பண்ணக்கூடாதுங்க."

"பதினோரு வருசமா இதத்தானே பண்ணிட்டிருக்கற? அப்பறம் என்ன கண்ணு? சட்டத்த மாத்தோணும்னா வேஸ்ட் பிரிக்கற கொட்டாய்க்குப் போயிரு. அங்க எல்லாமே ஓட்டைதான்."

காசிமாயன் கையெழுத்துப் போட்டான். டியின் தட்டில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட்டான். கை அதுபாட்டுக்குப் பழக்கத்தில் செய்துவிட்டது. அவனுக்குத் தன் கையின்மேலேயே ஆத்திரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது ராமுத்தாய் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஆசுபத்திரியில அந்தத் தட்டு வச்சாச்சாடா?"

"சாம்பிள்ல இருக்குக்கா" என்றான்.

"அவரு போயி அஞ்சு மாசமாச்சு. இன்னமுமா சாம்பிளு?" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை ஊற்றினாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒப்புதல் விழா. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷாமியானா போட்டு, சேர் வாடகைக்கு எடுத்து, மைக் கட்டினார்கள். ஒப்புதல் கொடுத்த சாம்பிளை அரக்கு வைத்து மூடி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். அதற்கு சீல்டு சாம்பிள் என்று பெயர். அதைத் திறந்தால் ஒப்புதல் செத்துப்போகும். சியை அவ்விதமே வெல்வெட் பெட்டியோடு மூடி அரக்கு வைத்தார்கள். அலமாரிச் சாவியைத் தலைவர் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். ரிஜெக்ட் பெட்டி மேடைக்குக் கீழே, காசிமாயன் காலடியில் கிடந்தது. மாலையில் அதைக் காயலான் கடைக்குப் போடுவதாக ஏற்பாடு.

தலைவர் மைக்கைப் பிடித்தார். பட்டன் வலது கன்னத்தில் இருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! தொண்டைக்குக் கருவி செய்யறவங்க உலகத்துல ஆயிரம் பேரு இருக்கறாங்க. ஆனா அவங்க கருவியெல்லாம் என்ன பண்ணுது? ஓட்டை போடுது! ஓட்டை போடாத கருவியத் தேர்ந்தெடுத்த முதல் ஆஸ்பத்திரி நம்ம ஆஸ்பத்திரிதானுங்க. ஒரு உசுரு போச்சேன்னு டாக்டர் நாலு வரி எழுதுனாரு. நாங்க நானூறு பக்கம் எழுதியிருக்கறோம். இனி இந்த ஊருல எவன் தொண்ட அடச்சாலும், கருவி எங்க இருக்குதுன்னு யாரும் தேட வேண்டியதில்ல. என்ற இடுப்புல சாவி இருக்குது!"

கைதட்டல் ஷாமியானாவைத் தூக்கியது. அந்த உற்சாகத்தில் ஆறுச்சாமி பின்னாலிருந்து பொன்னாடை போர்த்தி, முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். தலைவர் பெருமிதத்தில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பட்டன் எந்தக் கன்னத்துக்கும் போகவில்லை. நேராக உள்ளே போய்விட்டது.

முதலில் அவர் உணர்ச்சிவசப்பட்டு நிற்பதாக நினைத்து மறுபடி கைதட்டினார்கள். பிறகுதான் முகம் நேவி ப்ளூ ஆவதைப் பார்த்தார்கள். டாக்டர் அங்கமுத்து பாய்ந்து வந்து முதுகில் அறைந்தார், பின்னாலிருந்து கட்டிப் பிடித்து வயிற்றை அமுக்கினார், வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். பட்டன் அசையவில்லை. தலைவர் மேடையில் சரிந்தார்.

"தட்டு! தட்டு கொண்டாங்க!" என்று டாக்டர் கத்தினார்.

"தட்டெல்லாம் எதுக்குங்க, அப்ரூவ்டு பீஸ் இருக்கறப்ப!" என்று ஆறுச்சாமி அதைவிடப் பெரிதாகக் கத்தினார். "சிய எடுங்க!"

தலைவரின் வேட்டிக்குள் கைவிட்டுச் சாவி எடுப்பதற்குக் கைருதீன் கூச்சப்பட்டார். கூச்சத்தை விட்டு எடுத்தார். அலமாரி திறந்தது. பெட்டி வந்தது. பெட்டிமேல் அரக்கு இருந்தது.

"உடைக்கறதுக்கு ரெண்டு கையெழுத்து வேணுமுங்க. ஒண்ணு செயலாளர், ஒண்ணு தலைவர்" என்றார் கைருதீன்.

ஆறுச்சாமி போட்டுவிட்டுப் பேனாவைத் தலைவர் கையில் திணித்தார். சிவசுப்பிரமணியம் ஒழுங்குக்குப் பேர்போனவர். கண் பிதுங்கிய அந்த நிலையிலும் 'சிவசு' வரை போட்டார். அதற்குமேல் கை ஓடவில்லை.

"கையெழுத்துப் பாதில நிக்குதுங்க, செல்லுமுங்களா?" என்று கைருதீன் கேட்டார். அரக்கை ஆறுச்சாமி பல்லால் கடித்து உடைத்தார். டாக்டரிடம் சி வந்து சேர்ந்தது. கழுத்தில் வைத்து அமுக்கினார்.

டிக்.

அந்தச் சத்தத்தில் காசிமாயன் தலைவரின் முகத்தைப் பார்த்தான். கிடக்கிறவர் முதலாளி இல்லை, மச்சான் என்று ஒரு நொடி தோன்றியது. அதே நீலம், அதே மாதிரி தரையைத் தேய்க்கிற குதிகால். அன்றைக்கு மூன்று கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற பாவி நான்தானே என்று நினைத்தான். குனிந்து ரிஜெக்ட் பெட்டியில் கைவிட்டான். அந்த ஆஸ்பத்திரியில் சீல் வைக்காமல், பூட்டாமல், யார் எடுத்தாலும் கைக்கு வருகிற நிலையில் இருந்தது அந்த ஒரு பொருள்தான். ரிஜெக்ட் ஆனதை எவனும் பூட்டி வைப்பதில்லை.

"டாக்டரய்யா, இந்தாங்க!"

சைதுன்னிசா தட்டை வாங்கிக் கத்தியை டாக்டர் கையில் வைத்தார். காசிமாயன் தலைவரின் தலையைப் பிடித்துக்கொண்டான். டாக்டரின் விரல் சங்கிலிருந்து கீழே இறங்கிப் பள்ளத்தில் நின்றது. ஒரு கீறல், ஒரு திருப்பு, குழாய் உள்ளே போயிற்று. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கியது மாதிரி புஸ்ஸென்று காற்று ஓடியது. தலைவரின் மார்பு ஏறி இறங்கியது. நீலம் வடிந்து முகம் மெதுவாகச் சிவக்க ஆரம்பித்தது. சைதுன்னிசா "யா அல்லாஹ்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். காசிமாயன் அழுதான், வெட்கமில்லாமல் அழுதான்.

ஆறுச்சாமி குனிந்து பார்த்தார். "ஐயையோ," என்றார், "ஓட்டை!"

அன்று சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தொண்டை டாக்டர் வந்து நீளமான இடுக்கியால் பட்டனை எடுத்தார். அது நாலு ஓட்டைப் பட்டன். கத்தி வருகிற வரைக்கும் அந்த நாலு ஓட்டை வழியாகத்தான் இத்துனூண்டு காற்றுப் போயிருக்கிறது, இல்லையென்றால் அரக்கை உடைக்கும்போதே ஆள் முடிந்திருப்பார் என்று அவர் சொன்னார். கைருதீன் பட்டனை ஓர் உறையில் போட்டு 'அன்னியப் பொருள், எண்ணிக்கை ஒன்று' என்று லேபிள் ஒட்டினார். வீக்கம் வடிய ஐந்து நாளாகும், அதுவரை குழாய் இருக்கட்டும் என்றார்கள்.

மூன்றாம் நாள், தலைவரின் கட்டிலைச் சுற்றி அவசரக் கூட்டம் கூடியது. ஆறுச்சாமி தீர்மானத்தைப் படித்தார்.

"ரிஜெக்ட் செய்யப்பட்ட டி என்னும் பொருளை, ஒப்புதல் இன்றி, மாண்புமிகு தலைவரின் கழுத்தில் பயன்படுத்தி, அக்கழுத்தில் ஓட்டை விழச் செய்த டாக்டர் அங்கமுத்து, நர்ஸ் சைதுன்னிசா ஆகியோரை வேலையிலிருந்து நீக்குவது. மேற்படி பொருளைக் காயலான் கடைக்கு உடனே அனுப்புவது. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைச் செக்கிங் காசிமாயன் இப்போதே எழுதிக் கொடுப்பது. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்."

தலைவர் கையை ஆட்டினார். தலையை ஆட்டினார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, குழாயில்தான் உஸ்ஸென்று காற்று வந்தது.

"விதி பதினாலுங்க," என்றார் ஆறுச்சாமி பணிவாக. "ஆட்சேபணைய வாய்விட்டுச் சொல்லோணும். சைகை, தலையாட்டல், எழுத்து எதுவும் செல்லாது. நீங்களே போட்ட விதிதானுங்க. போன வருசம் யாரோ தூங்கித் தலையாட்டுனதச் சம்மதம்னு எழுதிட்டோம்னு நீங்கதான் கோபப்பட்டீங்க."

காசிமாயனிடம் தாளைக் கொடுத்தார்கள். அவன் கட்டிலருகே போனான். டேப்பை எடுத்துக் குழாயின் ஓரத்தில் வைத்து அளந்தான். முக்கால் சென்டிமீட்டர். ஓரம் சுத்தம். பிசிறு இல்லை. தாளில் 'ஓட்டை' என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை வைத்தான். மேஜர் என்று எழுதினால் டாக்டரும் நர்ஸும் போவார்கள், தட்டும் போகும், அடுத்த சீனிச்சாமிக்கு மறுபடி மூன்று கையெழுத்து. வேறு மாதிரி எழுதினால் பதினோரு வருடப் பெயர் போகும், வேலையும் போகும்.

'பாஸ்' என்று எழுதினான்.

ஆறுச்சாமி தாளை வாங்கிப் பார்த்தார். "ஓட்டைக்குப் பாஸா?"

"ஆமாங்கய்யா. இதே ஓட்ட எங்க மச்சானுக்கு விழுந்திருந்தா, எங்க அக்கா இன்னிக்கு இப்புடித் தனியா நிக்காது. நல்ல ஓட்டைய்யா இது. நான் பாத்ததுலயே நல்ல ஓட்ட."

"அப்ப நாளைக்கு வேஸ்ட் கொட்டாய்க்குப் போயிரு."

கட்டிலில் தலைவர் உஸ்ஸுஸ்ஸென்று துடித்தார். சைதுன்னிசா அதுவரை சுவரோரம் நின்றிருந்தவர், நேராக வந்து, "ஐயா, மூச்ச இழுத்துட்டுப் பேசுங்க" என்று சொல்லித் தன் விரலால் குழாயின் வாயை மூடினார். வழி அடைபட்ட காற்று மேலே ஏறி, குரலாக வந்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தாலும், அது தலைவரின் குரல்தான்.

"காசிமாயா."

"ஐயா."

"ஓட்டை எத்தன சென்டிமீட்டரு?"

"முக்கால்ங்கய்யா."

"டாலரன்ஸுக்குள்ள இருக்குதா?"

எந்தக் காலத்திலும் ஓட்டைக்கு டாலரன்ஸ் கிடையாது. அளவில் அரை இன்ச் கூடக் குறைய இருக்கலாம், நிறத்தில் ஒரு சாயல் தள்ளி இருக்கலாம், ஓட்டையில் எள்ளளவும் கூடாது. அந்தச் சட்டம் தலைவருக்கே தெரியும். அவர் காசிமாயனைப் பார்த்தார், காசிமாயன் அவரைப் பார்த்தான்.

"இருக்குங்கய்யா" என்றான் காசிமாயன். பதினோரு வருடத்தில் செக்கிங்கில் அவன் சொன்ன முதல் பொய் அது.

"அப்ப பாஸ்" என்றார் தலைவர். "ஆறுச்சாமி, எழுதிக்குங்க. வாய்விட்டுச் சொல்லிட்டேன்."

ஆறுச்சாமி எழுதினார். விதியை மீறத் தெரியாதவர் அவர்; ஆனால் விதிக்குள் வேலி போடத் தெரிந்தவர். எழுதி முடித்துவிட்டு அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'இந்த ஒப்புதல் ஒரு பீஸுக்கு மட்டும். மற்ற கழுத்துகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.' எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரையும் நீக்கவில்லை.

காசிமாயன் அந்த வரியைப் படித்தான். படியிறங்கி, சைதுன்னிசா கழுவிக் காயவைத்து, கத்தியோடு வேறொரு குழாயும் போட்டு வைத்திருந்த ஸ்டீல் தட்டை எடுத்து, அவசரப் பிரிவில் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற பலகைமேல் வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்துச் சுவரில், தட்டைக் காட்டியபடி ஒட்டினான். பதினோரு வருடத்தில் நல்ல சாமானுக்கு அவன் ஒட்டிய முதல் அம்பு.

மற்ற கழுத்துகளுக்கான கோப்பு இரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதற்குள் தட்டு மூன்று முறை வேலைக்குப் போய்வந்தது. மூன்று பேரும் தங்கள் காலாலேயே நடந்து டெஸ்பாட்ச் ஆனார்கள். மூன்றையும் 'சாம்பிள்' என்றே ஆறுச்சாமி எழுதிக்கொண்டார்.

தட்டை வைத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ராமுத்தாய் சோறு போடும்போது வழக்கம்போலக் கேட்டாள்: "தட்டு வச்சாச்சாடா?"

"வச்சாச்சுக்கா."

"பூட்டு?"

"பூட்டு இல்லக்கா" என்றான் காசிமாயன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி சோற்றை அவன் தட்டில் வைத்தாள். அன்றைக்கு அவனுக்கு அது இறங்கியது.